நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவருக்கு இருமல் நீடித்து, நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த இடத்தில் "நிழல் மாதிரி ஒன்று தெரிகிறது" என்று சொல்லிவிட்டால் போதும். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சுத் தாழ்ந்துவிடும். பதுளை நகரத்து வீடானாலும் சரி, பசறையிலோ ஹாலிஎலவிலோ உள்ள தோட்டத்து லயமானாலும் சரி, இந்த ஒன்றில் வேறுபாடு கிடையாது. நோயின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அந்த வருத்தம்" என்பார்கள். நோயாளியிடம் மறைப்பார்கள், அயலவரிடம் மறைப்பார்கள். சிலவேளை பயத்தினால் அடுத்த கிளினிக்குக்குப் போவதையே தள்ளிப் போடுவார்கள்.

அந்த நிழல் உண்மையில் என்ன சொல்கிறது? உயர்தரத்தில் உயிரியல் கற்கும் மாணவி என்ற வகையில் இந்தக் கேள்வி எனக்குள் நீண்ட நாள் இருந்தது. விடை தேடிப் படித்தபோது, இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ஒரு பொறியியலாளர் இதே கேள்வியைத் தன் ஆய்வாகவே எடுத்துக்கொண்டிருப்பதை அறிந்தேன். அவர் பெயர் அனந்த் மாடபூஷி. அவருடைய ஆய்வைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தப் படம் எப்படி உருவாகிறது என்று பார்ப்போம்.

படம் எப்படி உருவாகிறது?

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி ஜெர்மனியைச் சேர்ந்த பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் ரொண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். இக்கதிர்கள் காற்று நிறைந்த இடத்தை இலகுவாகக் கடக்கும். எலும்பு போன்ற அடர்த்தியான பகுதியில் பெருமளவு தடுக்கப்படும். நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் அது படத்தில் கறுப்பாகத் தெரியும். காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரோ, சளியோ, கட்டியோ, பழைய தழும்போ இருந்தால் அவ்விடம் வெள்ளையாகத் தெரியும். நாம் "நிழல்" என்று சொல்வது இந்த வெள்ளைத் திட்டைத்தான்.

ஆனால் சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒரு குறை உண்டு. நெஞ்சின் முன்புறம், பின்புறம், இதயம், விலா எலும்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தாளில் விழுகின்றன. விலா எலும்புக்குப் பின்னால் இருக்கும் சிறிய கட்டி தப்பிவிடக்கூடும். இக்குறையைத் தீர்த்தது சீ.டி. ஸ்கேன். பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, கணினியின் உதவியால் உடலைத் துண்டு துண்டாகப் படம் பிடிக்கும் முறை அது. ஒரு றாத்தல் பாணை வெளியிலிருந்து பார்ப்பதற்கும், வெட்டி ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளலாம். 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி லண்டனில் முதலாவது நோயாளிக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. இதை உருவாக்கிய கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் வைத்தியர் அல்லர், ஒரு பொறியியலாளர். 1979இல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவருக்கும், இதற்கான கணிதத்தை வகுத்த அலன் கோமக்குக்கும் வழங்கப்பட்டது. கணிதப் பிரிவில் கற்கும் சகோதரிகள் இதைக் கவனத்தில் கொள்ளலாம்.

நிழல் எல்லாம் புற்றுநோயா?

அமெரிக்காவில் 53,454 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அதில் பங்குபற்றியோர் 55 முதல் 74 வயது வரையானோர். நீண்டகாலம் கடுமையாகப் புகைபிடித்தவர்கள். ஒரு பகுதியினருக்கு ஆண்டுக்கொரு தடவையாக மூன்று முறை குறைந்த கதிர் அளவிலான சீ.டி. ஸ்கேன் எடுத்தார்கள், மற்றப் பகுதியினருக்குச் சாதாரண எக்ஸ்ரே. சீ.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோயால் ஏற்பட்ட மரணங்கள் 20 வீதம் குறைந்திருந்தன. நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. எடுத்த சீ.டி. ஸ்கேன்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று சந்தேகத்துக்குரியதாக இருந்தது. ஆனால் அப்படிச் சந்தேகிக்கப்பட்டவற்றில் 96.4 வீதமானவை புற்றுநோய் அல்ல என்று பின்னர் தெரியவந்தது. நூறு நிழல்களை எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 96 நிழல்கள் வேறு ஏதோ ஒன்று. இது நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களிடம் செய்த பரிசோதனை. நீண்டநாள் இருமலும் மெலிவும் உள்ள ஒருவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நிழல் என்றதும் புற்றுநோய்தான் என்று முடிவு கட்டிவிட முடியாது என்பதை இது நன்றாகக் காட்டுகிறது.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் சாச்சி ஒருவருக்கு நெஞ்சுப் படத்தில் நிழல் தெரிந்ததும், பெரியவர்கள் எல்லாம் "அந்த வருத்தம்" என்றே முடிவு செய்துவிட்டார்கள். மேற்கொண்டு பரிசோதிக்கச் சொன்ன துண்டு மூன்று கிழமையாக அலுமாரியில் கிடந்தது. கடைசியில் சளியைப் பரிசோதித்தபோது அது காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் ஒழுங்காக மருந்து எடுத்தார். அல்ஹம்துலில்லாஹ், இன்று சுகமாக இருக்கிறார். அந்த மூன்று கிழமையும் அவர் மருந்தில்லாமல் இருமிக்கொண்டுதான் இருந்தார். காற்றால் பரவும் நோய் அது. வீட்டில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

மாடபூஷி என்ன செய்தார்?

காசநோயின் பின் நுரையீரலில் எஞ்சும் சிறிய உருண்டையும், புற்றுநோயின் ஆரம்பக் கட்டியும் சீ.டி. படத்தில் ஒன்றுபோலவே தெரியலாம். முதலாவதைக் கிரனுலோமா என்பார்கள். கிருமியைச் சுற்றி நமது நிர்ப்பீடனக் கலங்கள் கட்டும் ஒரு வேலி என்று அதைச் சொல்லலாம். அனுபவம் வாய்ந்த கதிரியக்க வைத்திய நிபுணருக்கும் கண்ணால் மட்டும் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம். அதனால் பலருக்கு நெஞ்சுக்குள் ஊசி செலுத்தி இழையத்தை எடுத்துப் பார்க்க வேண்டி வருகிறது. சிலருக்குச் சத்திரசிகிச்சையே செய்தபின்தான் "இது புற்றுநோய் இல்லை" என்று தெரிகிறது.

மும்பையில் உயிர்மருத்துவப் பொறியியல் கற்று அமெரிக்கா சென்ற மாடபூஷி, கிளீவ்லாந்திலுள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்திலும், 2022இலிருந்து அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்திலும் பணியாற்றுபவர். அவரது குழுவினர் கேட்ட கேள்வி இதுதான்: கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு படத்துக்குள் எண்களாக ஒளிந்திருக்குமா?

சீ.டி. படம் என்பது உண்மையில் எண்களின் தொகுப்பு. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் அடர்த்திக்கேற்ப ஓர் எண் உண்டு. நீருக்கு 0, காற்றுக்கு -1000 என்று அந்த அளவுகோல் அமைந்துள்ளது. நம் கண் பல நூறு எண்களை ஒரே சாம்பல் நிறமாகப் பார்த்துவிடுகிறது. கணினி அவற்றைத் தனித்தனியே பார்க்கிறது. நமுனுகுலைப் பக்கம் பஸ்ஸில் போகும்போது தூரத்துத் தேயிலை மலை முழுவதும் ஒரே பச்சையாகத்தான் தெரியும். பழகிய தொழிலாளிக்கோ எது கவ்வாத்து வெட்டிய மலை, எது கொழுந்து நிறைந்த மலை, எங்கே நோய் விழுந்திருக்கிறது என்று பார்த்த உடனே புரியும். கணினிக்கும் இத்தகைய பழக்கத்தையே அவர்கள் கொடுத்தார்கள். முடிவு ஏற்கெனவே தெரிந்த பழைய படங்களைக் காட்டி, கட்டியின் மேடுபள்ளம், சீரின்மை, அடர்த்தி மாறும் விதம் ஆகியவற்றை அளக்கச் செய்தார்கள்.

இந்தக் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில் 290 நோயாளிகளின் படங்கள் ஆராயப்பட்டன. கட்டிக்கு உள்ளே மட்டும் பார்ப்பதைவிட, கட்டியைச் சுற்றியுள்ள இழையத்தையும் சேர்த்துப் பார்த்தபோது கணினி கிரனுலோமாவையும் புற்றுநோயையும் மேலும் நன்றாகப் பிரித்தறிந்தது. காரணத்தை ஊகிக்க முடிகிறது. புற்றுநோய் தன் எல்லைக்குள் அடங்கி இருப்பதில்லை. அயலிலுள்ள கலங்களுக்குள் ஊடுருவும். தனக்கு உணவு வேண்டிப் புதிய குருதிக்கலன்களை இழுக்கும். ஒரு வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அதன் முற்றமும் சொல்லும் அல்லவா?

சிகிச்சைக்கும் படம் உதவுமா?

நோய் புற்றுநோய்தான் என்று உறுதியான பின்னர், எந்தச் சிகிச்சை யாருக்குப் பலன் தரும் என்பது அடுத்த கேள்வி. நமது நிர்ப்பீடனத் தொகுதியையே புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டிவிடும் சிகிச்சை இப்போது உண்டு. அதற்கு அடிப்படையான கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹொன்ஜோவுக்கும் 2018இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இச்சிகிச்சை எல்லோருக்கும் பலன் தருவதில்லை. விலையோ மிக அதிகம். சிலருக்குச் சிகிச்சை வேலை செய்யும்போதே, நிர்ப்பீடனக் கலங்கள் வந்து குவிவதால், படத்தில் கட்டி பெருத்ததுபோலத் தெரிவதும் உண்டு. அளவை மட்டும் பார்த்தால் நல்ல மருந்தைத் தவறாக நிறுத்திவிட நேரும்.

மாடபூஷியின் குழுவினர் சிகிச்சைக்கு முன் எடுத்த படத்தையும், சில தடவை மருந்து கொடுத்த பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, கட்டியின் உள்ளமைப்பு எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். பலன் பெறுவோரை அந்த மாற்றத்தைக் கொண்டு முன்கூட்டியே ஓரளவு அறியலாம் என்று கண்டார்கள். 2022இல் வெளிவந்த இன்னொரு ஆய்வில், கட்டியைச் சுற்றியுள்ள குருதிக்கலன்கள் எவ்வளவு முறுக்கி வளைந்திருக்கின்றன என்பதும் இதற்கு ஒரு குறியாகும் என்று காட்டினார்கள்.

புகைக்காத பெண்ணுக்கும் வருமா?

வரும். இதைத்தான் நம் வீடுகளில் பலர் அறியாதிருக்கிறார்கள். சிகரெட்டே இந்நோய்க்கு முதற்காரணம். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதுண்டு. அவர்களில் பலரிடம் ஈ.ஜீ.எப்.ஆர். என்ற பரம்பரையலகில் ஒரு விகாரம் காணப்படுகிறது. கலத்தின் மேற்பரப்பில் "வளர்" என்ற கட்டளையைப் பெறும் வாங்கி ஒன்று உண்டு. விகாரம் ஏற்பட்டால், கட்டளை வராமலேயே அந்த வாங்கி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். போட்ட சுவிட்ச் அணைக்க முடியாமல் இறுகிப்போனது போல. இவ்விகாரம் மேற்கு நாட்டவரைவிட ஆசிய நாட்டவரிடம் அதிகம். அதிலும் புகைக்காதோரிடமும் பெண்களிடமும் அதிகம்.

இந்த வாங்கியை அடைக்கும் ஒசிமேர்ட்டினிப் என்ற மாத்திரை பற்றிய ஆய்வுகளில் முன்னணியில் நின்றவர் சுரேஷ் ராமலிங்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று, இன்று மாடபூஷி பணியாற்றும் அதே எமரி பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் நிலையத்தை வழிநடத்துபவர். 556 நோயாளிகள் பங்குபற்றிய ஓர் ஆய்வில், பழைய மாத்திரைகளை எடுத்தோருக்கு நோய் முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 10.2 மாதம், புதிய மாத்திரையை எடுத்தோருக்கு 18.9 மாதம். 2024இல் அவர் சிக்காகோ மாநாட்டில் சமர்ப்பித்த மற்றொரு ஆய்வு, சத்திரசிகிச்சை செய்ய முடியாத மூன்றாம் கட்ட நோயாளிகள் 216 பேர் பற்றியது. கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் முடித்தபின் இம்மாத்திரையை எடுத்தோருக்கு அக்காலம் 39.1 மாதம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தோருக்கு 5.6 மாதம் மட்டுமே. "நோய் முன்னேறவில்லை" என்பதை எப்படித் தீர்மானித்தார்கள்? மீண்டும் ஸ்கேன் படங்களைக் கொண்டுதான். யார் எந்த மாத்திரையை எடுத்தார் என்பதை அறியாத நிபுணர்கள் அப்படங்களை வாசித்தார்கள்.

இனி நமது நிலைமை

இவை எல்லாம் உடனே நம் கைக்கு வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கணினி கொண்டு படம் வாசிக்கும் முறைகள் இன்னும் எல்லா வைத்தியசாலைகளிலும் வழமையான பயன்பாட்டுக்கு வரவில்லை. அமெரிக்க நோயாளிகளின் படங்களைப் பார்த்துப் பழகிய கணினி நம்மவர்களின் படத்தை அதேபோல் சரியாக வாசிக்குமா என்பதும் முக்கியமான கேள்வி. அங்கே சில மாநிலங்களில் மண்ணிலுள்ள ஒரு வகைப் பங்கசினால் கிரனுலோமா வருகிறது. இங்கே காசநோயால் வருகிறது. நம் நாட்டுப் படங்களைக் கொண்டு நம்மவர்களே ஆராய வேண்டிய வேலை இது. புதிய மாத்திரைகளின் விலையும் சாதாரண குடும்பத்துக்கு எட்டக்கூடியதல்ல.

ஆனால் இன்றைக்கே நாம் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அரச மார்பு நோய் சிகிச்சை நிலையங்களில் காசநோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். சளியில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, மாறாத குரலடைப்பு, மூச்சு வாங்குதல் ஆகியவை இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. காசநோய் மருந்து எடுத்தும் குணமாகாவிட்டால் மீண்டும் போய்க் காட்ட வேண்டும். ஒரு நோய் இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகிவிடாது.

அடுத்தது புகை. வீட்டுக்குள் ஒருவர் சிகரெட் புகைத்தால் அந்தப் புகையைச் சுவாசிக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆபத்து உண்டு. விறகுப் புகையும் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. சீனாவின் ஷுவான்வெய் பகுதியில் வீட்டுக்குள் புகை மிகுந்த நிலக்கரியை எரித்துச் சமைத்து வந்தார்கள். அங்கே 21,232 விவசாயிகளை நீண்டகாலம் அவதானித்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. புகைபோக்கி உள்ள அடுப்புக்கு மாறியவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 40 வீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. விறகும் நிலக்கரியும் ஒன்றல்ல. ஆயினும் புகையை வெளியே அனுப்பினால் நெஞ்சுக்கு நன்மை என்பது தெளிவு. நம் மலைநாட்டுக் குளிரில் கதவு ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு விறகடுப்பு மூட்டும் வீடுகள் எத்தனை! அந்தப் புகையில் மணிக்கணக்காக நிற்பவர்கள் நம் உம்மாமாரும் தோட்டத்து அம்மாமாரும்தான்.

மாணவிகளாகிய நம்மால் முடிந்த இன்னொரு உதவி, ரிப்போட்டை வாசித்துச் சொல்வது. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருப்பதால் பெரியவர்கள் பயந்துபோகிறார்கள். "ஒபாசிட்டி" என்றால் வெள்ளையாகத் தெரியும் பகுதி, அவ்வளவுதான். "நொடியூல்" என்றால் மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய உருண்டை. அதைவிடப் பெரியதை "மாஸ்" என்பார்கள். "பயொப்சி" என்றால் சிறிதளவு இழையத்தை எடுத்துப் பரிசோதிப்பது. இச்சொற்களில் எதுவும் புற்றுநோய் என்று பொருள்படாது. அடுத்து என்ன பரிசோதனை செய்ய வேண்டும், எப்போது வர வேண்டும் என்ற இரண்டையும் வைத்தியரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான் என்று நம்புகிறவர்கள் நாம். அந்த மருந்தைத் தேடிப் போவதும் நம் பொறுப்பு. வீட்டில் ஒருவருக்கு நிழல் தெரிந்தால், அதைப் பற்றி அவரோடு பேசுங்கள். வைத்தியர் கொடுத்த துண்டை அலுமாரியில் வைக்காதீர்கள். உம்மும்மாவோ பக்கத்து லயத்து ஆச்சியோ தனியாகக் கிளினிக் போகப் பயந்தால், பாடசாலை இல்லாத நாளில் எங்களை அவர்களோடு அனுப்புங்கள். பழைய படத்தையும் தவறாமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று வைத்தியருக்குத் தெரியும்.